அடிக்குச் சற்றுப் பின்னால்

பொத்தானைத் தணிகாசலத்தின் வலது கையில் கொடுத்து, கனத்த ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சிவப்பு வலது, நீலம் இடது என்று தனக்குள் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, காது பரிசோதிக்கும் அந்தப் பெண் நிலோஃபர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க. போன ரெண்டு தடவையும் நான் சத்தமே குடுக்காதப்பகூட அமுக்கினீங்க. இன்னைக்கும் அப்படியே வந்தா என்னால ரிப்போர்ட் எழுத முடியாது. ரிப்போர்ட் இல்லாம காது மிஷின் தர மாட்டாங்க." "நான் பொய் சொல்றேங்கிறியாம்மா?" "நீங்க சொல்லல. உங்க விரல் சொல்லுது." பதினோரு தடவை சிறைக்குப் போனவர், முதலாளிக்கும் போலீசுக்கும் சொந்தச் சங்கத்தின் மாநிலக் குழுவுக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை என்று பெயரெடுத்தவர், எழுபத்தாறு வயதில் தன் கட்டைவிரலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நல்ல பதில்தான். நல்ல பதில் என்று தோன்றியதாலேயே கோபமும் வந்தது. இப்படிப் பதில் சொல்லத் தெரிந்தவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். சங்கத்துக்கு மிஞ்சுவது யார்? மேடையில் மூலதனத்தைத் திட்டிவிட்டு மாலையில் கம்பெனி கேன்டீனுக்குத் தன் மச்சான் பேரில் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். அவனும் தலைவன். அவனுக்கும் தட்டி வைக்கிறார்கள். சரி, அவனை விடு, இன்றைக்கு அவன் விஷயமில்லை, இன்றைக்கு இந்த விரல்.

கதவு சாத்தியதும் உலகம் போய்விட்டது. சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட பஞ்சுப் பலகை, எதிரே ஒரு கண்ணாடிச் சதுரம், அதற்கு அப்பால் நிலோஃபரின் தலை, அவள் கை தெரியாதபடி மேஜைமேல் ஒரு அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறாள், போன தடவை அந்த அட்டை இல்லை. கெட்டிக்காரி. சத்தமே இல்லாத இடம் என்று இதைச் சொல்கிறார்கள், ஆனால் தணிகாசலத்துக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அவர் போகிற இடத்துக்கெல்லாம் ஒரு விசில் கூடவே வரும். ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு காற்றுக் குழாயின் வால்வை எவனோ சரியாக மூடாமல் போய்விட்டதுபோல, தலைக்குள் எங்கோ ஒரு ஊசிமுனை ஓட்டையில் நாற்பது வருஷமாகக் கசிந்துகொண்டிருக்கும் விசில். இந்த விசிலுக்கு நடுவிலேதான் அவள் கொடுக்கும் விசிலைக் கண்டுபிடிக்க வேண்டும். மெஷின் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. லோகநாயகிதான் கூட்டிவந்தாள், அதோ வெளியே வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அவள் இப்போதெல்லாம் கத்திச் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்கிறாள். சாப்பிட வாங்க. மோட்டார் போடுங்க. மாத்திரை. கத்திச் சொல்ல முடியாதவை ஒரு மனுஷிக்கு எவ்வளவோ இருக்கும், அதெல்லாம் எங்கே போயிற்று, சொல்லாமலே விட்டுவிட்டாளா, இல்லை சொல்லிக்கொண்டே இருந்து இவர்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாரா? தலையாட்டுவது அவருக்குப் பழகிவிட்டது. கேட்கவில்லை என்று சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபம். ஒரு தடவை அவள் தங்கை புருஷன் இறந்த செய்திக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். அப்போது அவள் பார்த்த பார்வை. பிப். கேட்டது. அமுக்கினார். இது நிஜம். பிப், இதுவும் நிஜம், கொஞ்சம் சின்னது. அமுக்கினார். அடுத்தது, இருக்கிறது, இல்லை, இருக்கிறது, விரல் அமுக்கிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் நிலோஃபரின் தலை நிமிர்ந்தது. கொடுக்கவில்லை போலிருக்கிறது. விரல்தான், நான் இல்லை, என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இந்த விரலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நெவில் ரொசாரியோ, கூட வேலை பார்த்தவன், ஞாயிறானால் டிரம் வாசிப்பவன். எழுபத்தாறாம் வருஷம், எண்ணூர் போகிற வழியில் இருந்த பாய்லர் கம்பெனி, அதில் தகட்டுப் பட்டறை. உருட்டிய இரும்புத் தகட்டுக்குள் தணிகாசலம்போல் ஒருவன் உட்கார்ந்து காற்றுச் சுத்தியலால் ஓரத்தைச் செதுக்குவான், வெளியே ஒருவன் ரிவெட் அடிப்பான், உள்ளே இருப்பவனுக்கு அது காதில் கேட்கிற சத்தமில்லை, பல்லில் கேட்கிற சத்தம். ஐம்பத்தொரு பேர். கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த வெளிநாட்டுக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். கேட்பதற்கு நல்ல சட்டம். ஆனால் முதல் வருஷம் தேறாத எட்டுப் பேரைப் பட்டறையிலிருந்து எடுத்துப் புல் பிடுங்க விட்டார்கள், ஆறு மாதத்தில் உடல் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காதைக் கெடுத்தவனே காது கெட்டதென்று வேலையைப் பிடுங்குகிறான் என்று தணிகாசலம் துண்டறிக்கை எழுதினார், நல்ல துண்டறிக்கை, இன்றைக்கும் வரி வரியாக ஞாபகமிருக்கிறது, ஒரு பயனும் இல்லை. அடுத்த வருஷச் சோதனையில் முதல் ஆளாக உள்ளே போன நெவில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "தணிகா, அந்தக் கம்பவுண்டர் ஒரு கடிகாரம் மேன். எழுதறான், குமிழைத் திருப்பறான், சத்தம் விடறான். நடுவுல நாலு எண்ணு. தவறவே மாட்டேங்கிறான். இவன மாதிரி ஒருத்தன் எங்க பாண்டுல இருந்திருந்தா நான் குடிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டேன்." அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பாடம் நடந்தது. ஒன்று இரண்டு மூன்று நாலு, அமுக்கு. "அங்கதான் மாட்டுவீங்க," என்றான் நெவில். "சரியா நாலுல அமுக்கினா அது கேட்டு அமுக்கினது இல்ல, எண்ணி அமுக்கினது. சத்தம் காதுக்குப் போவணும், மூளைக்குப் போவணும், விரலுக்கு வரணும். அதனால அடிக்குக் கொஞ்சம் பின்னால. நாற்காலியில சாஞ்சு உக்கார்ற மாதிரி. விழக்கூடாது, சாயணும். ஜாஸ்ல இத்தத்தான் மேன் நான் இருபது வருஷமா பண்ணிட்டிருக்கேன்." மிஞ்சிய நாற்பத்து மூன்று பேரும் அலுமினியத் தம்ளரை விரலால் தட்டித் தட்டிச் சாய்ந்தார்கள். முனிரத்தினம் என்ற ரிவெட்காரன் மட்டும் எப்போதும் முந்திக்கொள்வான். "உனக்கு என்ன மேன் அவசரம், பொண்டாட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாளா?" என்று நெவில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்துக் காட்டுவான். கேன்டீன்காரர் வந்து, என்னப்பா பஜனையா என்று கேட்டார். கடைசியில் நெவில் சொன்னான்: "ரெண்டு மூணை விட்டுடுங்க. எல்லாத்தையும் கேக்கறவன் பொய்யன்." அந்த வருஷம் ஒருவனும் தோற்கவில்லை. அடுத்த ஆறு வருஷமும் ஒருவனும் தோற்கவில்லை. தணிகாசலம் துண்டறிக்கை போட்டார், காதுக்கு வைத்த கண்ணியை அறுத்தெறிந்தோம் என்று தலைப்பு. பிப். இது என்ன, உள்ளே கேட்டதா வெளியே கேட்டதா? விரல் சாய்ந்துகொண்டு வந்தது, அவர் அதை இடது கையால் பிடித்தார்.

நெவிலை முதலில் பார்த்ததும் சண்டைக்குத்தான் பார்த்தார். எழுபத்திரண்டில், ராயபுரத்தில், ஒரு மாதாகோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் சில இளைஞர்கள் ஞாயிறு மத்தியானம் எலக்ட்ரிக் கித்தாரை வைத்து ஊரை அலற வைக்கிறார்கள், நம்முடைய தகட்டுப் பட்டறை ஆள் ஒருவனே அவர்களுக்கு டிரம் அடிக்கிறான் என்று தகவல் வந்தது. அப்போது தணிகாசலத்துக்கு இருபத்து நாலு வயது, பத்துப் பைசாப் பிரசுரங்கள் நூற்றுச் சொச்சம் படித்திருந்தார், உலகத்தில் அவருக்கு விளங்காதது எதுவும் இல்லை. அமெரிக்கக் கழிவு, இளைஞர்களை மழுங்கடிக்கும் ஏகாதிபத்திய இரைச்சல் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நெவில் அதை வாங்கிப் படித்தான், ஒவ்வொரு வரிக்கும் தலையை அசைத்து, நிதானமாகப் படித்தான். "தமிழ் நல்லா இருக்கு மேன். இரைச்சல்னு போட்டிருக்கியே, எதக் கேட்டுட்டுப் போட்ட?" கேட்கவில்லை, கேள்விப்பட்டதுதான். "அப்ப உக்காரு." கப்பலில் வேலை பார்த்த அவன் மைத்துனன் கொண்டுவந்த இசைத்தட்டு. இங்கிலாந்தில் இரும்புப் பட்டறைகள் நிறைந்த ஊர் ஒன்றிலிருந்து வந்த நாலு பையன்கள். கித்தார்க்காரன் தகட்டு மெஷினில் இரண்டு விரல் நுனியைக் கொடுத்தவன் என்று நெவில் சொன்னதும் தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் கம்பெனி? நஷ்டஈடு குடுத்தானா?" "அத அவன்ட்டதான் கேக்கணும். நீ இத்தக் கேளு." கித்தார் வந்தது, மேலே தூக்கிய இரும்பு விட்டத்தை மெல்லமெல்ல இறக்குவதுபோல் கனமாக. இதைத்தானே இரைச்சல் என்றேன் என்று தணிகாசலம் வாயைத் திறக்க, நெவில் கையை உயர்த்தினான். "நீ கித்தாரக் கேக்கற. எல்லாரும் அத்தத்தான் கேக்கறாங்க. அதுக்கு அடியில கேளு. வலது கை அந்தத் தாம்பாளத்துல, சிம்பல்ங்கிறாங்களே, அதுல என்ன பண்றான் பாரு." டிங், டிங்-கு-டிங், டிங்-கு-டிங். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி சமமாக இல்லை, ஒன்று நீளம், ஒன்று குட்டை, நல்ல செருப்புப் போட்டவன் தெருவில் உல்லாசமாக நடப்பதுபோல. "இது ஜாஸ் மேன். இந்தப் பையன் சின்ன வயசுல அமெரிக்காக் கறுப்பு டிரம்மர்ங்க தட்ட வச்சித் தேய தேயக் கேட்டிருக்கான். அடிக்கறது இரும்பு, ஆனா நடக்கறது டான்ஸ் ஹால் நடை. அதனாலதான் அவ்வளவு கனத்தத் தூக்கிட்டும் மூச்சு வாங்காம ஓடுது." ரெண்டு பெரிய டிரம் வைத்து ரெண்டு காலாலும் அடிக்கிறார்களே, அதைக்கூட முதலில் யோசித்தவன் ஒரு ஜாஸ்காரன், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே படம் வரைந்தான் என்றான். லண்டனில் இன்னொருத்தன் இருக்கிறானாம், அவனை ராக் டிரம்மர் என்று சொன்னால் அடிக்க வருவானாம், நான் ஜாஸ்காரன் என்பானாம். நெவிலுக்கு அப்போது முப்பத்தெட்டு. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் அவன் வாசித்த நடனங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன, ஆடிய ஆங்கிலோ இந்தியர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், வேப்பேரிப் பையன்களுக்கு இந்தக் கனத்த பாட்டை அடிக்க ஆள் வேண்டியிருந்தது. தன் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தவனுக்கு, முடியவில்லை, இரும்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அந்தத் தட்டு சொல்லியிருக்கிறது. அதை அவன் தணிகாசலத்திடம் இப்படிச் சொல்லவில்லை. ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தான், அவ்வளவுதான். பறை அடியிலும் இந்த நடை இருக்கிறது என்று தணிகாசலம் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். "இருக்கும் மேன். ஏன் இருக்கக் கூடாது?" என்றான். சண்டை போட வந்தவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் போய் உட்கார்ந்திருக்கிறார். கட்சித் தோழர்கள் கேட்டால் இளைஞர்களிடையே வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். நெவில் இடது கையால் நடு டிரம்மில் ஏதோ செய்துகொண்டே இருப்பான், பெரிய அடிகளுக்கு நடுவே தோலைத் தொட்டும் தொடாமலும், மழை நின்ற பிறகு தகரத்தில் சொட்டுவதுபோல. அதற்குப் பேய் அடி என்று பேர், ஆங்கிலத்திலும் அப்படித்தானாம். "இது யாருக்கும் கேக்காது மேன். ஆனா நிறுத்திப் பாரு." நிறுத்தினான். பாட்டு அங்கேயே சப்பென்று உட்கார்ந்தது. மறுபடி ஆரம்பித்தான், எழுந்து நடந்தது. அந்த வாரமே கேட் மீட்டிங் ஒன்றில் தணிகாசலம் பேசி முடித்து இறங்கியதும் நெவில் காதோரம் சொன்னான்: "நீ எல்லா வார்த்தையையும் ஒரே பலத்துல அடிக்கற. பத்து நிமிஷத்துல ஜனம் செவிடாயிடுது. நடுவுல சின்னதா எதாவது பேசு மேன். வெயிலப் பத்திப் பேசு. உன் சட்டைப் பித்தானப் பத்திப் பேசு." கோபத்தில் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் செய்து பார்த்தார். ஆயிரம் பேர் ஒரு அடி முன்னால் நகர்ந்து வந்தார்கள், சின்னதாகப் பேசியதைக் கேட்க. அன்றிலிருந்துதான் தணிகாசலம் பேச்சாளர். எந்தப் பிரசுரத்தில் படித்தீர்கள் இந்த உத்தியை என்று மாநாட்டில் ஒருவன் கேட்டபோது, மக்களிடம் கற்றேன் என்றார். மக்கள். நெவில் ரொசாரியோ என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? ஆங்கிலோ இந்தியன், ஞாயிற்றுக்கிழமை குடிப்பான், சங்கக் கூட்டத்தில் தூங்குவான், அவனிடம் கற்றேன் என்றால் மதிப்புக் குறையும் என்றா? பிப். அமுக்கினார். பிப். அமுக்கினார். இப்போது தாழ்ந்த ஒலி, எருமை தூரத்தில் செருமுவதுபோல், இது நன்றாகக் கேட்கிறது. தாழ்ந்தவை எல்லாம் கேட்கின்றன. நன்றி என்று அவர் வாய்விட்டுச் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை, பஞ்சுச் சுவர் அதை உடனே விழுங்கிவிட்டது.

இப்போது ஒன்றும் இல்லை. வெகு நேரமாக ஒன்றும் இல்லை. அவள் கொடுக்கிறாள், இவருக்குக் கேட்கவில்லை, அதுதான் நடக்கிறது, கண்ணாடிக்கு அப்பால் அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்தால் தெரிகிறது. ஒன்று இரண்டு மூன்று நாலு. விரல் எண்ணுகிறது. அளவு எவ்வளவு சேர்ந்தால் ஒரு பண்பு மாறும் என்று பிரசுரத்தில் படித்திருக்கிறார், தண்ணீர் நூறு டிகிரியில் ஆவியாகும் உதாரணம், எல்லாப் பிரசுரத்திலும் அதே தண்ணீர். சத்தம் எவ்வளவு சேர்ந்தால் மௌனமாகும் என்று எவனும் எழுதவில்லை. தோழர்களின் காது ஒவ்வொன்றாகப் போனது. எண்பத்து மூன்றில் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, காது போனதற்கு நியாயம் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கம்பெனி வக்கீல், வெள்ளை முடி, மென்மையான குரல், மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம் வைத்தார். ஏழு வருஷச் சான்றிதழ்கள், நாற்பத்து மூன்று பேருடையவை, எல்லாம் அருமையான காதுகள். "இவர்கள் காது கேட்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை, கனம் நீதிபதி அவர்களே. இவர்களே பொத்தானை அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்." கூண்டில் நின்றது தணிகாசலம். ஏமாற்றினோம், வேலையைக் காப்பாற்ற ஏமாற்றினோம், என் யோசனை, என் உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்பத்து மூன்று பேர்மேலும் மோசடி வழக்கு வரும் என்று சங்கத்து வக்கீல் எச்சரித்திருந்தார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் போட்ட துண்டறிக்கை. கண்ணியை அறுத்தெறிந்தோம். அறுக்கவில்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டு நாமே இறுக்கினோம் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு சின்னதாக ஆக வேண்டியிருக்கும்? அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்பத்தாறில் வழக்கு தோற்றுப்போயிற்று. முனிரத்தினம் பின்னால் லாரி வந்த சத்தம் கேட்காமல் செத்தான். மற்றவர்கள் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டார்கள், தலைவரே என்றார்கள், அவர் என்ன சொன்னாலும் கேட்காமல் தலையாட்டினார்கள், அவரும் தலையாட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் கைகளின் சூட்டைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை, எப்படிப்பட்ட ஆட்களோடு வாழ்ந்திருக்கிறேன் என்று. நான்கு. விரல் சாய்ந்தது. இல்லை. இன்னும் அமுக்கவில்லை. வேர்க்கிறது. கதவைத் திற என்று கத்தலாம்போல் இருக்கிறது, லாக்கப்பில்கூட இப்படி இருந்ததில்லை, அங்கே எதிரி வெளியே இருந்தான்.

நெவிலுக்கும் காது கேட்காமல்தான் போயிற்று. தன் தாம்பாளம் தனக்கே கேட்காமல் போன பிறகும் இரண்டு வருஷம் அடித்தான், பாதத்தில் தரை அதிர்வதை வைத்து. ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடம் போவதற்கு முந்தின நாள் காலை தணிகாசலம் அவன் வீட்டுக்குப் போனார். இரண்டு செவிடர்கள் ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். "என்னாலதான்," என்று கத்தினார் தணிகாசலம். "என்ன?" "என்னாலதான் உன் காது போச்சு." நெவில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "உன்னாலயா? சொல்லிக் குடுத்தது நான் மேன். பேர மட்டும் நீ எடுத்துக்கிட்டுப் போவலாம்னு பாக்கறியா?" பிறகு சிரித்தான், பல் இல்லாத சிரிப்பு. "நாப்பத்திமூணு பேரு, ஒருத்தன்கூட முந்தாம பிந்தாம அடிச்சாங்க. முனிரத்தினம்கூடக் கடைசியில புடிச்சிட்டான். நியூயார்க்லகூட எவனுக்கும் அப்படி ஒரு பாண்ட் கெடையாது மேன்." சொல்லிவிட்டு மேஜைமேல் இரண்டு விரலை வைத்து அடித்தான். தணிகாசலம் உள்ளங்கையை மரத்தில் பதித்துக்கொண்டார். பெரிய அடிகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, தொட்டும் தொடாமலும், மற்றவையும் தெரிந்தன. நாலு வருஷம் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது, தூக்கத்தில் போனான் என்று.

விளக்கு மாதிரி ஏதோ கண்ணாடியில் அசைந்தது. நிலோஃபர் இடது காது என்று சைகை காட்டினாள். அப்படியானால் வலது காது முழுக்க முடிந்துவிட்டது, கடைசிச் சத்தங்களுக்கெல்லாம் அவர் அமுக்கவில்லை, உண்மையிலேயே அமுக்கவில்லை. இடது காதில் உயர்ந்த ஒலிகள் வர வேண்டிய இடத்தில் அவருடைய சொந்த விசில் மட்டும். நாலு எண்ணியாயிற்று. எட்டு எண்ணியாயிற்று. விரல் தவித்தது, பொத்தானின் மேல் அது தனியாக ஒரு பிராணிபோல் துடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது கெட்ட விரல் இல்லை. நாற்பத்து மூன்று குடும்பத்துக்கு ஏழு வருஷம் சோறு போட்ட விரல். அது செய்ததற்கு அவர் நன்றியோடுதான் இருந்தார், சொல்லிக் கொடுத்தவனுக்கும் நன்றியோடு, இப்போது அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெறுமையைக் கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. சத்தம் வருகிற இடத்தில் சத்தம் இல்லை என்று ஒத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. மேடையில் ஒருநாளும் செய்ததில்லை, கூண்டில் செய்ததில்லை, வீட்டில் செய்ததில்லை. அவர் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்து முழங்காலின் மேல் வைத்தார். நேரம் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. தூங்கிவிட்டாரோ என்று நிலோஃபர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அவர் தலையைக் குறுக்கே அசைத்தார், இல்லை என்று. ஒன்றும் கேட்கவில்லை என்று. அவள் குனிந்து எழுதினாள்.

கதவு திறந்தபோது வெளிச்சமும் பினாயில் வாசமும் ஒன்றாக வந்தன. நிலோஃபர் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள், கோடு போட்ட கட்டத்தில் இரண்டு கோடுகள், சிவப்பும் நீலமும். தாளின் இடது பக்கத்தில் சுமாராக ஓடி வந்த கோடு ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, பிறகு சற்றே ஏறியது. "இன்னைக்குத்தான் ஒழுங்கா வந்திருக்கு," என்றாள் உரக்க. "இந்தக் குழி பாருங்க. வயசாகிப் போற காது இப்படி இருக்காது, அது சும்மா சரிஞ்சுகிட்டே போவும். இந்த இடத்துல குழி விழுந்தா சத்தத்துல நின்னு வேலை செஞ்ச காது." தணிகாசலம் தாளைக் கையில் எடுத்தார். "எல்லாருக்கும் இதே இடத்துலதானா?" "இரும்புல வேலை செஞ்ச எல்லாருக்கும் கிட்டத்தட்ட இங்கதான்." அவர் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாட்சி சொல்ல ஆளில்லை என்று அன்றைக்கு நினைத்தோமே, இவ்வளவு காலமும் இது உள்ளே எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பொத்தானை விட்டுக் கையை எடுத்தால் போதும் என்று காத்துக்கொண்டு. கோர்ட் இல்லை, கம்பெனி இல்லை, நெவில் இல்லை. இருந்தாலும் நாற்பத்து மூன்று பேரில் ஒருவனுக்காவது நிஜமான சான்றிதழ் கிடைத்துவிட்டது. "தொழில்னு என்ன போடட்டும்? தலைவர்னு போடவா?" என்று கேட்டாள். "தகட்டுப் பட்டறை," என்றார். "செதுக்குறவன்னு போடும்மா. எனக்கு இதுல ஒரு நகல் வேணும்." அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். நல்லா இரும்மா என்றார், அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை, தலையாட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் லோகநாயகி பெஞ்சிலிருந்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. கத்தாமல், தனக்குள் சொல்வதுபோல், நீளமாக, நடுவில் ஒரு பெருமூச்சோடு. அவர் நின்றார். அவள் நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கல, லோகு," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. கிட்டே வந்து, அவர் இடது காதுப் பக்கமாக நின்று, குரலை உயர்த்தாமல், வார்த்தையை மட்டும் நிதானமாக்கிக் கேட்டாள்:

"எதுலேருந்து கேக்கல?"

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"எண்பத்தாறுலேருந்து," என்றார்.

லோகநாயகி தோளிலிருந்து பையை இறக்கி மறுபடி பெஞ்சின்மேல் வைத்தாள்.

"அப்ப உக்காருங்க," என்றாள்.